இந்த வருஷம் 48

"தம்பி, இந்த வருஷம் 48."

2025 ஆகஸ்ட் நடுவில் என்.பி.ஏ. கூடைப்பந்து அட்டவணை வெளிவந்த மறுநாள் காலை போனை எடுத்தால் முதல் வார்த்தை இதுதான். வணக்கம் கிடையாது, வீட்டில் எல்லாரும் சௌக்கியமா கிடையாது. 82 ஆட்டத்தில் 48 வெற்றி என்று பொருள். எந்த அணி என்று கேட்கிறவர் சிகாகோ பக்கம் குடியிருப்பவராக இருக்க முடியாது. நேப்பர்வில்லிலோ அரோராவிலோ ஷாம்பர்க்கிலோ வீடு வாங்கிய எந்தத் தமிழனுக்கும் புல்ஸ் பைத்தியம் பிடித்த இப்படி ஓர் அண்ணன் வாய்த்திருப்பார். வீட்டுக் கடன் 30 வருஷத்தில் தீர்ந்துவிடும். இவர் தீர மாட்டார்.

முந்தின வருஷம் 47 என்றார். அணி ஜெயித்தது 39. அதற்கு முந்தின வருஷம் 49 என்றார், அப்போதும் 39. அதற்கும் முந்தி 52 என்றார், 40. கவனித்துப் பாருங்கள், அவர் சொல்லும் எண்தான் ஏறி இறங்குகிறது. அணி சொன்ன சொல் மாறாமல் நிற்கிறது.

அந்த 48 எப்படி வருகிறது என்பதைச் சொல்லியாக வேண்டும். அட்டவணையை எல்லாரையும்போல அவர் செல்போனில் பார்ப்பதில்லை. ஆபீஸ் பிரின்டரில் அச்செடுத்து, வீட்டுக்குக் கொண்டுவந்து, சாப்பாட்டு மேசையில் விரிப்பார். பச்சைப் பேனா வெற்றிக்கு. சிவப்பு தோல்விக்கு. சந்தேகமான ஆட்டங்களுக்குப் பென்சில். "அந்தத் தாளை எடுத்தாத்தான் தோசை" என்று அண்ணி சொல்லுவார். தாள் நகராது, தோசை அடுப்படியிலேயே நின்றபடி உண்ணப்படும்.

முதலில் நோஞ்சான் அணிகள்: வாஷிங்டன், ஷார்லட், யூட்டா, புரூக்ளின். இவர்களோடு வரும் ஆட்டங்களுக்கெல்லாம் யோசனையே இல்லை, பச்சை. அதே ராத்திரி வர்ஜீனியாவில் ஒரு வாஷிங்டன் அண்ணன் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து சிகாகோவைப் பச்சையில் குறித்துக்கொண்டிருப்பார் என்று ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். "அவனுங்களுக்கு வேற வேலை இல்லை தம்பி" என்றார்.

அடுத்தது களைப்புக் கணக்கு. எதிரணி முந்தின ராத்திரி வேறு ஊரில் ஆடிவிட்டு வருகிறதா? பச்சை, அவர்களுக்குக் கால் தளர்ந்திருக்கும். புல்ஸ் முந்தின ராத்திரி வேறு ஊரில் ஆடிவிட்டு வருகிறதா? அதுவும் பச்சை, இளம் பிள்ளைகள், உடம்பு சூடு ஆறாமல் இருக்கும். ஒரே களைப்பு இவர்கள் ஊரில் இறங்கினால் டானிக் ஆகிவிடுகிறது.

பிறகு காயப் பட்டியல். இதில் மனுஷர் ஆடுகிற ஆட்டத்தைப் பார்த்தால் கொஞ்சம் பயமாகவே இருக்கும். பாஸ்டனின் ஜேசன் டேட்டம் 2025 மே மாதம் குதிகால் நரம்பு அறுந்து விழுந்தார். "ஐயோ, பாவம், நல்ல பையன்" என்றார் அண்ணன். பாஸ்டன் ஆட்டங்கள் பச்சையாயின. இண்டியானாவின் ஹாலிபர்ட்டன் இறுதிச்சுற்றின் 7-வது ஆட்டத்தில் அதே நரம்பு அறுந்து தரையில் குத்திக்கொண்டு அழுதார். "பார்க்கவே சகிக்கலை" என்றார், இண்டியானாவும் பச்சை. டென்வருக்கு யோக்கிச் இருக்கிறாரே? "அன்னிக்கு அவனுக்கு ஓய்வு கொடுக்க மாட்டாங்கன்னு என்ன நிச்சயம்?" சான் அன்டோனியோவின் வெம்பன்யாமா? "அந்த உயரத்துக்கு ஒரு சீசன் முழுக்க ஆட முடியாது தம்பி."

ஆனால் புல்ஸ் ஆட்டக்காரர்களுக்கு மட்டும் எதுவும் ஆகாது. லோன்சோ பால் என்று ஒருவர் இருந்தார். 2022 ஜனவரியில் முழங்கால் போய் உட்கார்ந்தவர், மறுபடி களமிறங்கியது 2024 அக்டோபரில். இடையில் இரண்டு முழு சீசன்கள். 2022 ஆகஸ்டில் அண்ணன் போட்ட கணக்கில் லோன்சோ பால் இருந்தார். 2023 ஆகஸ்ட் கணக்கிலும் இருந்தார். அந்த சீசன் முழுக்க அவர் ஆடப்போவதில்லை என்று அணியே அறிவித்த பிறகு போட்ட கணக்கு அது! கேட்டால், "சும்மா சொல்றாங்க, ஜனவரியில கொண்டுவந்து இறக்கிருவாங்க பாரு" என்றார். அத்தைக்கு மீசை முளைத்து, அந்த மீசையைச் சவரமும் செய்து, நாலு பேருக்குச் சித்தப்பா என்று அறிமுகமும் செய்துவைத்து முடித்திருந்தார்.

மிச்சமிருப்பவற்றுக்கு நாள் பார்ப்பார். கல்யாணத்துக்கு முகூர்த்தம் குறிக்க உட்கார்ந்த பெரியப்பா பஞ்சாங்கத்தைப் புரட்டுவதுபோல் புரட்டுவார். தீபாவளியை ஒட்டி வருவது பச்சை. பொங்கல் வாரம் பச்சை. மகள் பிறந்தநாளில் ஓர் ஆட்டம் இருந்தால் அதற்குமேல் ஆராய்ச்சி கிடையாது. 2026 ஜனவரி 24, புல்ஸின் பழைய நாயகன் டெரிக் ரோஸின் 1-ஆம் எண் ஜெர்சியைச் சொந்த மைதானமான யுனைடெட் சென்டரின் கூரையில் ஏற்றும் நாள், எதிரில் பாஸ்டன். அந்தக் கட்டத்துக்குப் பச்சையில் இரண்டு முறை வட்டம் போட்டிருக்கிறார். ஒரே ஆட்டத்துக்கு இரண்டு வெற்றி கொடுக்க மாட்டார்கள் என்பதை நான் சொல்லவில்லை.

ராத்திரி 11 மணிக்குள் பென்சில் கோடுகள் எல்லாம் பச்சையாகிவிடும். கூட்டினால் 57. இங்கேதான் அவருடைய பெருந்தன்மை வெளிப்படும். பேனாவை மூடிவிட்டு, நாற்காலியில் சாய்ந்து, "ரொம்ப ஆசைப்படக் கூடாது" என்று 9-ஐக் கழிப்பார். 48. தானே தள்ளுபடி கொடுத்துவிட்டபடியால் அதற்குமேல் நாம் ஒன்றைக்கூடக் குறைக்க முடியாது. 42 வரலாம் என்று யாராவது சொன்னால், "உங்களுக்கு எதுலயும் நம்பிக்கை கிடையாது" என்பார். அந்தப் பேச்சு எப்படியோ சுற்றி வளைத்து நம் பிள்ளைகளை வளர்க்கும் விதத்தில் வந்து முடியும்.

இந்த வருஷம் அவர் கைக்கு ஓர் ஆயுதமும் கிடைத்திருக்கிறது. 2024-25 சீசனில் புல்ஸ் 24 வெற்றி, 38 தோல்வி என்று தரை தட்டிக் கிடந்தது. பிறகு என்ன புகுந்ததோ, கடைசி 20 ஆட்டங்களில் 15 வெற்றி. லேக்கர்ஸை ஒரே வாரத்தில் இரண்டு முறை மடக்கினார்கள். இரண்டாவது முறை, நேரம் முடிகிற நொடியில் ஜாஷ் கிடி பாதி மைதானத்திலிருந்து எறிந்த பந்து உள்ளே விழுந்து 119-117. அந்த வீடியோவை அண்ணன் இன்றைக்கும் காட்டுகிறார். நம் போனிலும் அது இருக்கிறது, அவர் அனுப்பியதுதான், என்றாலும் அவர் போனில்தான் பார்க்க வேண்டும். அத்தோடு விட்டாரா? பத்தாம் வகுப்பில் படித்த மூவெண் விதியை எடுத்துக்கொண்டார். 20-க்கு 15 என்றால் 82-க்கு எத்தனை? 61. "நான் 48-ன்னு சொல்றேனே, அது எவ்வளவு அடக்கம்னு இப்ப புரியுதா?"

அந்த 15 வெற்றிகள் என்ன செய்தன என்பதை மட்டும் அவரிடம் பேசக் கூடாது.

சொல்லிவிடுகிறேன். 39-43 என்று முடித்து, ப்ளே-இன் என்கிற வாசல்படிச் சுற்றுக்குள் நுழைந்தார்கள். லீக்கைப் பிரித்திருக்கும் கோட்டம் ஒன்றுக்கு 15 அணிகள். முதல் ஆறு நேரே ப்ளேஆஃப் போகும். ஏழு முதல் பத்து வரையானவர்கள் தங்களுக்குள் அடித்துக்கொண்டு மிச்ச இரண்டு இடத்தைப் பிடிக்க வேண்டும். 2025 வரை மூன்று வருஷமாகப் புல்ஸ் அந்த வாசல்படியிலேயே குடியிருந்தது. மூன்று வருஷமும் அங்கிருந்து தள்ளிவிட்டது ஒரே அணி, மயாமி. 2023-இல் மயாமிக்காக ஆளுக்கு 31 புள்ளி அடித்த இருவர் யார் தெரியுமா? ஒருவர் ஜிம்மி பட்லர், புல்ஸ் வளர்த்து 2017-இல் தள்ளிவிட்ட ஆள். இன்னொருவர் மேக்ஸ் ஸ்ட்ரூஸ், சிகாகோவின் புறநகர் ஹிக்கரி ஹில்ஸில் வளர்ந்தவர், புல்ஸ் சட்டையில் இரண்டே ஆட்டம் ஆடவைத்து அனுப்பப்பட்டவர். 2024-இல் பட்லர் காயம்பட்டு ஆடவில்லை, அப்போதும் தோல்வி. 2025-இல் பட்லர் மயாமியிலேயே இல்லை, கோல்டன் ஸ்டேட்டுக்குப் போய்விட்டார். சொந்த ஊர், சொந்த மைதானம், 109-90. டைலர் ஹீரோ என்ற பையன் மட்டும் 38. ஆக, பட்லர் காரணமில்லை என்பது மூன்று வருஷ ஆராய்ச்சியில் நிரூபணமாகியிருக்கிறது.

கொடுமை அத்தோடு தீரவில்லை. கடைசி வரிசை அணிகளுக்குப் புதிய ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுப்பதில் முன்னுரிமை தரும் லாட்டரி ஒன்று இருக்கிறதல்லவா? அப்போதைய விதிப்படி அடிமட்ட மூன்று அணிகளுக்கு ஆளுக்கு 14 சதவீத வாய்ப்பு. நடுவில் நிற்பவர்களுக்கு அரிசியில் கல் அளவுக்கு. 2025-இல் புல்ஸும் டல்லஸும் ஒரே 39-43. யாருக்கு முன் இடம் என்று இருவருக்கும் தனியாக ஒரு குலுக்கல் வைத்தார்கள். டல்லஸ் ஜெயித்து 1.8 சதவீதம் பெற்றது. புல்ஸுக்கு 1.7. மே மாதம் பெரிய லாட்டரி எடுத்தபோது முதலிடம், கூப்பர் ஃபிளாக் என்ற அபூர்வப் பிள்ளையோடு, டல்லஸுக்கு விழுந்தது.

அன்றைக்கு ராத்திரி அண்ணனிடமிருந்து போன் வரவில்லை. மறுநாளும் இல்லை. அண்ணிதான் பேசினார்: "சாப்பிட்டாரு. பேசலை." மூன்றாம் நாள் அவரே கூப்பிட்டார். குரலில் தெம்பு திரும்பியிருந்தது. "தம்பி, 2008-ல டெரிக் ரோஸ் நமக்கு விழுந்தப்ப எத்தனை சதவீதம் சொல்லு?" 1.7. அதே 1.7. "பார்த்தியா, எண் சரியாத்தான் இருந்திருக்கு. குலுக்கினவன் கை சரியில்லை." இப்படி ஒருவரைத் திருத்த நாம் யார்?

ரோஸைப் பற்றி அவர் பேச ஆரம்பித்தால் நான் குறுக்கே பேசுவதில்லை. சிகாகோவின் எங்கிள்வுட் பேட்டைப் பையன். 2011-இல், லீக் வரலாற்றிலேயே மிகக் குறைந்த வயதில், அந்த ஆண்டின் மிகச் சிறந்த ஆட்டக்காரர். மறுவருஷம் ஏப்ரல் 28, ஃபிலடெல்ஃபியாவோடு ப்ளேஆஃப் முதல் ஆட்டம். 12 புள்ளி முன்னிலை, ஒரு நிமிஷம் 22 நொடிதான் பாக்கி, முழங்கால் போயிற்று. "12 புள்ளி லீட் தம்பி. அவனை ஏன் உள்ள வச்சிருந்தாங்க?" அன்றிலிருந்து கேட்கிறார். அந்த இடத்தில் மட்டும் அவர் குரலில் விளையாட்டு இல்லை.

இவருக்கு இந்த வியாதி பிடித்த கதையும் சொல்ல வேண்டும். 1998 ஜூனில், திருவல்லிக்கேணி மேன்ஷன் ஒன்றின் கேபிள் டிவியில், காலை நேரத்தில், யூட்டாவுக்கு எதிராக ஜோர்டன் போட்ட கடைசிப் பந்தைப் பார்த்தவர். 87-86. ஆறாவது கோப்பை. அந்த ஊருக்குத்தான் போக வேண்டும் என்று தீர்மானித்து, ஒய்2கே வேலைக்கு விசா வாங்கி, 1999-இல் சிகாகோவில் இறங்கினார். அதற்குள் ஜோர்டன் ஓய்வு பெற்றாயிற்று. அவர் கூட்டாளி பிப்பனை ஹூஸ்டனுக்கு அனுப்பியாயிற்று. பயிற்சியாளர் ஃபில் ஜாக்சனும் கிளம்பிப் போயாயிற்று. அண்ணன் பார்த்த முதல் முழு சீசனில் புல்ஸ் 17 வெற்றி, 65 தோல்வி. அடுத்ததில் 15 வெற்றி. 2000 பிறந்ததும் உலகத்துக் கம்ப்யூட்டர்கள் எல்லாம் நொறுங்கும் என்றார்கள், ஒன்றும் ஆகவில்லை. நொறுங்கிக் கிடந்தது புல்ஸ் ஒன்றுதான், அதைச் சரிசெய்ய இவரை யாரும் கூப்பிடவில்லை.

ஆறு கோப்பையில் ஒன்றைக்கூட இந்த ஊரில் இருந்து பார்க்காதவர் "நம்ம ஆறு" என்றுதான் சொல்லுவார்.

ஜெர்சி விஷயத்தில் ஒரே வரி: அவர் யார் பெயர் போட்ட சட்டை வாங்குகிறாரோ அவரை அணி விற்றுவிடும். பட்லர், லாவீன், கரூசோ என்று அலமாரி நிறையத் தொங்குகிறார்கள். கரூசோ போன இடத்தில், ஓக்லஹோமா சிட்டியில், மறுவருஷமே கோப்பை வாங்கினார். அவருக்கு மாற்றாக வந்தவர்தான் கிடி. 2025 செப்டம்பரில் கிடிக்கு நாலு வருஷம், 10 கோடி டாலர் ஒப்பந்தம் கையெழுத்தானது. "அவர் சட்டை வாங்கலையா அண்ணே?" என்றேன். "பையன் நாலு வருஷம் நல்லா இருக்கட்டும்" என்றார்.

பதிலாக, மாட்டாஸ் பூஸெலிஸ் என்ற இளம் பிள்ளையைத் தத்தெடுத்திருக்கிறார். லித்துவேனியப் பெற்றோர், ஹின்ஸ்டேலில் வளர்ந்தவர். நேப்பர்வில்லிலிருந்து சிகாகோ போகும் ரயில் ஹின்ஸ்டேல் வழியாகத்தான் போகும். ஆகவே "நம்ம ரூட்டுப் பையன்".

இனிக் கொஞ்சம் நேராகவே பேசிவிடுகிறேன், சிரிப்பு வரவில்லை. 39 வெற்றி என்பது தற்செயல் இல்லை. உரிமையாளர் ஜெர்ரி ரைன்ஸ்டார்ஃப் 1985 முதல் அணியை வைத்திருக்கிறார். மைதானத்திலும் அவருக்குப் பங்கு உண்டு. கிட்டத்தட்ட 21,000 பேர் உட்காரும் அந்த மைதானத்தில், ஆட்டம் எப்படி இருந்தாலும், கூட்டம் லீக்கின் முன்வரிசையில் நிற்கிறது. சம்பள வரம்பைத் தாண்டிச் செலவழிக்கும் அணிகள் கட்டும் அபராத வரியைப் புல்ஸ் தன் வரலாற்றில் ஒரே ஒரு சீசனுக்குத்தான் கட்டியிருக்கிறது. கோப்பைக்கு ஆசைப்பட்டால் செலவு. அடியோடு கலைத்துவிட்டுப் புதிதாகக் கட்டினால் நாலு வருஷம் மைதானம் காலி. இரண்டும் வேண்டாம், ஏப்ரல் வரை நம்பிக்கை கொடுத்தால் போதும், டிக்கெட் விற்கும். கடைசியாக 50 வெற்றி கண்டது 2014-15-இல். ஒரு ப்ளேஆஃப் சுற்றைக் கடந்ததும் அப்போதுதான். அண்ணனின் பச்சைப் பேனாவை நம்பித்தான் அந்த ஆபீஸே நடக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது, அவருக்குத் தெரியாமலே.

தெரியாமல் என்று சொல்வதும் முழு உண்மையில்லை. 2024 ஜனவரியில் பழைய வீரர்களுக்கு மரியாதை செய்யும் விழா வைத்தார்கள். ஆறு கோப்பை அணியைக் கட்டிய மேலாளர் ஜெர்ரி கிராஸின் பெயரைச் சொன்னதும் மைதானம் ஊளையிட்டது. அவர் இறந்து ஆறேழு வருஷம் ஆகிவிட்டது. அவருடைய மனைவி அங்கே உட்கார்ந்திருந்தார், அழுதார். டிவியில் பார்த்துக்கொண்டிருந்த அண்ணன் சட்டென்று ரிமோட்டை வைத்துவிட்டுச் சொன்னார்: "செத்துப்போனவனைப் பார்த்து ஊளையிடுறானுங்க. உயிரோட இருக்கற முதலாளிக்குக் காசு கொடுத்து டிக்கெட் வாங்கிட்டு வந்து." இத்தனை வருஷத்தில் அவர் வாயிலிருந்து வந்த மிகச் சரியான கூடைப்பந்து விமர்சனம் அதுதான். நான் வாயடைத்துப்போனேன்.

அடுத்த வாரமே மார்ச் மாதத்து ஆட்டம் ஒன்றுக்கு நாலு டிக்கெட் வாங்கியிருந்தார். ஒன்று எனக்கு. பணம் கொடுத்தால் வாங்க மாட்டார். ஆட்டத்தன்று எய்சன்ஹவர் நெடுஞ்சாலையின் நெரிசலில் வண்டி ஊர்ந்துகொண்டிருந்தபோது புளியோதரைப் பொட்டலத்தைப் பிரித்து என் மடியில் வைத்தார். தோற்றார்கள். திரும்பி வரும்போது வழியெல்லாம் ரெஃப்ரீயைத் திட்டிவிட்டு, என் வீட்டு வாசலில் இறக்கும்போது, "அடுத்த வருஷம் பாரு தம்பி" என்றார். வருஷத்துக்கு வருஷம் ஒரு மனிதர் இவ்வளவு தூரம் ஏமாந்தும் கசந்துபோகாமல் இருப்பது எப்படி என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை. எரிச்சல் வருவதும் அதனால்தான்.

சீசன் அக்டோபரில் தொடங்கிவிடும். அதனால் சிகாகோ வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். அரோரா பாலாஜி கோவிலிலோ லெமான்ட் ராமர் கோவிலிலோ பிரசாத வரிசையில் நிற்கும்போது, சட்டைப் பையில் பச்சைப் பேனாவோடு ஒருவர் உங்கள் பக்கம் திரும்பினால், டிசம்பர் வரை பூஸெலிஸ் எப்படி ஆடுகிறார் என்று கேளுங்கள்; உங்களுக்குப் பேச வேண்டிய அவசியமே இருக்காது. ஜனவரிக்கு மேல் அவர் மகளின் படிப்பைப் பற்றிக் கேளுங்கள். எந்த மாதமானாலும் லாட்டரியைப் பற்றி மட்டும் எடுக்காதீர்கள். மயாமிக்குச் சுற்றுலா போய்வந்தவர்கள் அதைச் சொல்லாமல் இருப்பது நல்லது.